தலையில் வளையம் இல்லாத உளி

கனுமா
ஜனவரி 14

அன்பு மகள் ஷிஹோவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ நன்றாக இருக்கிறாயா, போன மாதம் பிடித்த இருமல் விட்டதா, அதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, வழக்கம்போல ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டு, சுகமாகவே இருக்கிறோம். வாரம் தவறாமல் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் காகிதமும் தபால்தலையும் என்று உனக்குத் தோன்றும். போனில் என்றால் நான் பாதியில் அழுதுவிடுவேன், நீ உடனே "சரி விடும்மா" என்று சொல்லிவிடுவாய், அதோடு அது முடிந்துபோகும். இந்த விஷயத்தை நீ அவ்வளவு சீக்கிரம் விட்டுவிடக்கூடாது. அதனால்தான் எழுதுகிறேன். எனக்குக் கோர்வையாக எழுத வராது, பொறுத்துக்கொண்டு கடைசிவரை படி.

இங்கே குளிர் இந்த வருஷம் கொஞ்சம் அதிகம்தான். நிக்கோ மலையிலிருந்து இறங்குகிற காற்று சமையலறைக் குழாயை இரண்டு தடவை உறைய வைத்துவிட்டது. அப்பாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று, இப்போது தூசி எல்லாம் தெரிகிறது என்று சொல்லிப் பட்டறையை மூன்று நாள் பெருக்கினார், முப்பது வருஷமாகப் பெருக்கியது நான் என்பது அவருக்கு நினைவே இல்லை. வேலைக்குக் குறைவில்லை. நிக்கோவில் ஒரு விடுதிக்கு அறுபது தடுப்புக் கதவு கேட்டிருக்கிறார்கள், இரண்டு ஆட்கள் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். பேட்டைத் திருவிழாக் குழுத் தலைவர் அகுட்சு இந்த வருஷமும் தேர் விஷயமாக வந்து வந்து உட்கார்ந்து என் தேநீரைத் தீர்க்கிறார். அவர் மனைவி நிரா கீரை போட்ட நூடுல்ஸ் கொடுத்தனுப்பினாள், உப்பு கொஞ்சம் தூக்கல். பதினொன்றாம் தேதி, புத்தாண்டுக்குப் படைத்த மோச்சி அரிசிப் பண்டத்தை வழக்கம்போல உடைத்தோம். உடைப்பது உன் அப்பாதான். சில வருஷங்களாக அந்த மரச்சுத்தியை என் கையில் கொடுப்பதே இல்லை, என் மணிக்கட்டு வலிக்காகத்தான் என்று நான் பெருமையாக அகுட்சு மனைவியிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

உன் கடிதம் டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி வந்தது. செருப்பு கழற்றுகிற இடத்திலேயே நின்று படித்தேன். ஹோட்டல் வேலையை விட்டுவிட்டேன், பழைய வீடுகளின் மர ஜன்னல்களைப் பழுதுபார்க்கிற பட்டறையில் சேர்ந்திருக்கிறேன், இங்கே இருக்கிற உளி என் கைக்கு ஒத்துவரவில்லை, என்னென்ன உளி வாங்க வேண்டும், எது எதற்கு என்று அப்பாவிடம் கேட்டு எழுது, ஆனால் எனக்கென்று சொல்லாதே என்று எழுதியிருந்தாய். அடி வயிற்றிலிருந்து ஒரு சந்தோஷம் வந்தது ஷிஹோ. வந்த வேகத்திலேயே போய்விட்டது. பதினோரு வருஷமாக அந்த வெளிநாட்டில் நீ உளியைத் தொடவில்லை. மீன் வெட்டினாய், பாத்திரம் கழுவினாய், மேஜை துடைத்தாய். அதற்குக் காரணம் யார் என்று நீ ஒன்று நினைத்துக்கொண்டிருக்கிறாய், நிஜம் வேறு. அதை இந்தக் கடிதத்தில் எழுதத்தான் போகிறேன். முதலில் நீ கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். நாள் கடத்துகிறேன் என்று நினைப்பாய். கடத்தத்தான் செய்கிறேன்.

அப்பாவிடம் நேராகக் கேட்க முடியாதே, அதனால் அகுட்சுவின் தங்கை பையன் தச்சு வேலை கற்றுக்கொள்ளப் போகிறானாம், என்னென்ன உளி வாங்கணும்னு கேட்டான் என்று புளுகினேன். "யாரு, அந்தத் தடிப்பயலா? அவனுக்குச் செவுத்துல ஆணியே நேரா இறங்காதேடி" என்றார். ஆனாலும் மூன்று சாயங்காலம் கணப்பு மேஜைக்குள் காலை நீட்டிக்கொண்டு சொன்னார், நான் போன வருஷத்து நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். அவர் சொன்னது பாதி, முப்பது வருஷம் துடைத்து எண்ணெய் போட்டதில் எனக்குத் தெரிந்தது பாதி.

முதலில் அன்றாட உளி. குட்டையான அலகு, கைப்பிடித் தலையில் இரும்பு வளையம், சுத்தியால் அடித்து வேலை செய்வது. கீல் பதிக்க, ஆழமில்லாத குழி எடுக்க, மூலையைச் சீர்செய்ய எல்லாவற்றுக்கும் இதுதான். கடையில் பத்து உளியைப் பெட்டியில் அடுக்கி ஆசை காட்டுவார்கள், வாங்காதே. விரல் நகம் அகலத்தில் ஒன்று, அதைவிடச் சிறியது ஒன்று, இரண்டு விரல் அகலத்தில் ஒன்று, மூன்று போதும். "பத்து வாங்குறவன் ஏழு உளியைத் துரு பிடிக்க விடுவான்" என்று உன் அப்பா சொன்னார். புது உளியை வாங்கிய அன்றே அடிக்கக்கூடாது என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். தலை வளையம் சும்மா மாட்டியிருக்கும். அதைக் கழற்றி, உள்பக்கப் பிசிறை அரத்தால் தேய்த்து, மரத்தலையைச் சுற்றிலும் சுத்தியால் தட்டி நசுக்கி, வளையத்தைக் கீழே இறக்கி, மேலே மீந்து நிற்கிற மரத்தைத் தட்டித் தட்டி வளையத்தின் மேல் படிய வைக்க வேண்டும். இதைச் செய்யாமல் அடித்தால் இரண்டாம் நாள் வளையம் கையோடு வரும், மூன்றாம் நாள் கைப்பிடி பிளக்கும்.

அடுத்தது துளை உளி. ஜன்னல் வேலை என்றால் உனக்கு முக்கியமாக வேண்டியது இதுதான். ஒடுக்கமாக, ஆனால் கனமாக, பக்கங்கள் சதுரமாக நேராக நிற்கும். சட்டத்தில் குறுக்குக் கட்டையின் நாக்கான கழுந்து நுழைகிற ஆழமான துளைக்கு இது. பக்கம் நேராக இருப்பதால் துளையின் சுவரைப் பிடித்துக்கொண்டு கோணாமல் இறங்கும். துளை என்ன அகலமோ உளியும் அதே அகலம் இருக்க வேண்டும், சின்ன உளியை வைத்து இரண்டு தடவையாக வெட்டினால் சுவர் கோணிப்போகும். இரண்டு அளவு வாங்கு. துளைக்குள் வைத்து நெம்பாதே. நம் ஊர் உளியில் அடியில் மெல்லிசாகக் கடினமான எஃகு, அதன் மேல் மெதுவான இரும்பு, இரண்டையும் சேர்த்து அடித்தது. அந்த எஃகு சவரக்கத்திபோல வெட்டும், ஆனால் நெம்பினால் சட்டென்று விட்டுவிடும். அங்கே இருக்கிற உளி வளைந்து கொடுக்கும், இது கொடுக்காது.

துளைக்குள் தங்கிய சீவலை வெளியே எடுக்க, நுனியில் மீன் ஈட்டிபோல முள் வைத்த உளி ஒன்று இருக்கிறதே, அது. முழுக்க ஊடுருவாமல் பாதியில் நிற்கிற துளையின் அடியைச் சமப்படுத்த, கொக்கிபோல நுனி மடங்கிய தூர்வாரி ஒன்று. இரண்டையும் அடிக்கக்கூடாது, இழுத்துச் சுரண்டுவதுதான். "கிணத்துல தூர் வாராம விட்டா என்ன ஆகும்? அதேதான். கழுந்து அடியில முட்டிக்கிட்டு நிக்கும், பயபுள்ள இன்னும் ரெண்டு அடி கூடப் போடுவான், சட்டம் வெடிக்கும்" என்றார் அப்பா. பயபுள்ள என்றது அகுட்சுவின் தங்கை பையனை என்று அப்போது நினைத்தேன்.

பிறகு முகட்டு உளி. மேல்பக்கம் கூரை முகடுபோல நடுவில் உயர்ந்து இரண்டு ஓரமும் மெலிந்திருக்கும், புறா வால்போல விரிந்து கோக்கிற பொருத்தின் இடுக்கு மூலையில் மற்ற உளி முட்டுகிற இடத்தில் இது நுழையும். அப்புறம் கரண்டி உளி. கொத்தனார் பூசுகிற கரண்டியைப்போலக் கழுத்து மடிந்திருப்பதால் கை மேலே இருக்கும், அலகு கீழே காடிப் பள்ளத்துக்குள் படுத்தபடி ஓடும். கதவு ஓடுகிற நீளக் காடியின் அடித்தளத்தை இதை விட்டால் எதனாலும் சீவ முடியாது. உங்கள் பட்டறையில் உளியை மரச்சுத்தியால் அடிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய் அல்லவா, அதையும் நைசாகக் கேட்டுப் பார்த்தேன். "மரத்தாலயா? அது அவங்க உளிக்குச் சரியா இருக்கும். நம்ம உளிக்கு இரும்புச் சுத்திதான். இந்த வீட்டுல மரச்சுத்தி சமையக்கட்டுல மட்டுந்தான் இருக்கு" என்றார். சொல்லிவிட்டு என்னை ஒரு தடவை பார்த்தார். எனக்குக் கையிலிருந்த பென்சில் நின்றுபோயிற்று.

ஆக ஒன்பது உளி ஆயிற்று. பத்தாவது தள்ளு உளி. இதைப் பற்றி உனக்கு நான் எழுத வேண்டியதே இல்லை. முழங்கை நீளம் இருக்கும், அலகு மெல்லியது, கழுத்து நீண்டது, தலையில் வளையம் கிடையாது. வளையம் ஏன் இல்லை என்றால் இதை அடிக்கவே கூடாது, ஒரு கையால் வழிகாட்டி, தோளைக் கொடுத்துத் தள்ளித்தான் சீவ வேண்டும். எல்லா வேலையும் முடிந்தபின் பொருத்தின் முகத்தை முடி அளவு சீவிக் கண்ணாடி மாதிரி ஆக்குவது இது. பட்டறையில் நுழைந்த முதல் வாரமே எவருக்கும் தெரிந்துவிடும், தள்ளு உளியைச் சுத்தியால் தொடுகிறவன் தச்சனே இல்லை என்று.

அதை அடித்தது நான்தான் ஷிஹோ.

எழுதிவிட்டேன். இனிமேல் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால், இதே ஜனவரி பதினொன்று. பட்டறையில் கருவிகளுக்கு முன்னால் வைத்திருந்த இரட்டை மோச்சியை இறக்கி உடைத்துச் சிவப்புப் பயறுக் கஞ்சியில் போட வேண்டும். நீயும் அப்பாவும் உட்சுனோமியாவில் ஒரு வீட்டுக்கு அளவெடுக்கப் போயிருந்தீர்கள். பத்து மணிக்கு அகுட்சுவும் திருவிழாக் குழுவில் நாலு பேரும் வருவதாக இருந்தது. அந்த வருஷம் புத்தாண்டு முடிந்ததும் நாலு நாள் மழை, உனக்கு ஞாபகம் இருக்கலாம், மோச்சி காய்ந்து வெடிக்கவே இல்லை. மேலே தோல்போலக் கெட்டி, உள்ளே பிசின். மரச்சுத்தியால் அடித்தால் சுத்தி துள்ளித் துள்ளி என் மூக்குக்கு வந்தது. அதில் இரும்பு படக்கூடாது, கடவுளுக்கு வைத்ததை வெட்டுகிறோம் என்று வாயால்கூடச் சொல்லக்கூடாது, திறக்கிறோம் என்றுதான் சொல்ல வேண்டும் என்று இந்தத் தெருவுக்கே பாடம் எடுத்தவள் நான். முந்தின வருஷம்தான் அகுட்சு மனைவி சமையல் கத்தியை வைத்து அறுத்தாள் என்று தெரிந்து நாலு பேர் முன்னால் அவளைக் குத்திக் காட்டியிருந்தேன். அவள் புருஷன் இன்னும் அரை மணியில் என் வாசலில் நிற்பான். சமையல் கத்தியை எடுக்க எனக்கு மனம் வரவில்லை, உளியை எடுக்க வந்தது. கருவிகளுக்கு வைத்த மோச்சிதானே, கருவியே திறந்தால் என்ன என்று எனக்கு நானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன். எது பலமானது என்று பார்த்தேன். நீளமானதுதான் பலமாக இருக்கும் என்று எடுத்தேன். அத்தனை வருஷம் துடைத்தவள், தெரியாதா என்று கேட்பாய். தெரியும். அவசரத்தில் தெரிந்தது எதுவும் கைக்கு வரவில்லை.

அதே மரச்சுத்தியால் உளித் தலையில் மூன்று அடி அடித்தேன். மூன்றாவது அடியில் மோச்சி பிளந்தது, உளிக்குள் எங்கேயோ டிக் என்று ஒரு சத்தம். உளியின் கூரான வாயைப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. கழுவி, துடைத்து, எண்ணெய் தடவி, நசுங்கின தலையை உள்ளங்கையால் தேய்த்துவிட்டு, இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். வந்தவர்கள் கஞ்சி பிரமாதம் என்று இரண்டாவது கிண்ணமும் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

மூன்றாம் நாள் நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் நான் என் பக்கத்திலிருந்து சொல்ல வேண்டும். தேநீர்த் தட்டோடு பட்டறை வாசலில் நின்றேன். நீ அந்தத் தேநீர் அறைக் கதவின் சட்டத்தைத் தள்ளு உளியால் கடைசித் தடவை சீவிக்கொண்டிருந்தாய். உளியின் வாய் பிறை மாதிரி உடைந்து தேவதாரு முகத்தில் கீறிக்கொண்டு போனது. அப்பா உளியைத் திருப்பித் தலையைப் பார்த்தார். "தள்ளு உளியை அடிச்சிருக்கே" என்றார். இல்லை என்றாய். "அப்ப தலை தானா நசுங்குச்சா?" என்றார். இல்லேப்பா, நான் அடிக்கலே என்றாய். "உளி போனா போகுது, இன்னொன்னு அடிச்சு வாங்கிக்கலாம். பொய் சொல்ற கை என் பட்டறையில வேலை செய்ய வேண்டாம்" என்றார். அப்போது நீ என்னைப் பார்த்தாய். "அம்மா, நீ தினமும் வந்து பார்க்கிறியே, நான் என்னைக்காவது இதை அடிச்சிருக்கேனா, சொல்லும்மா" என்றாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. "அப்பாகிட்ட மன்னிப்புக் கேட்டுடும்மா, தப்பு எல்லாருக்கும் வர்றதுதான்" என்றேன்.

நீ கேட்டாய். சீவலுக்கு நடுவே முட்டி போட்டு, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, நெற்றி படக் குனிந்து, செய்யாததற்கு மன்னிப்புக் கேட்டாய். நான் சொன்னேன் என்பதற்காகக் கேட்டாய். கேட்டதால் அது நீதான் என்று முடிவாகிவிட்டது. ஏப்ரல் ஆறாம் தேதி நீ விமானம் ஏறினாய். நடுவில் ஒரே ஒரு தடவை மூன்று நாள் வந்தாய், பட்டறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. புத்தாண்டுக்கு அப்பாவோடு போனில் இரண்டு வாக்கியம் பேசுவாய், அவரும் இரண்டு வாக்கியம் பேசுவார், நான் பக்கத்தில் நின்று ஆரஞ்சு உரித்துக்கொண்டிருப்பேன்.

ஏன் சொல்லவில்லை என்று எனக்கு நானே ஆயிரம் காரணம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அப்பாவுக்குப் பயந்தேனா என்றால் இல்லை, அவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார், அவ்வளவுதான். வெட்கம். மோச்சிக்கு இரும்பு வைத்தேன் என்பது அகுட்சு மனைவி காதுக்குப் போய்விடுமே என்கிற வெட்கம். முதல் நாள் அதனால் சொல்லவில்லை. அடுத்த வாரம், முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று சொல்லவில்லை. நீ போன பிறகு, இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று சொல்லவில்லை. இவ்வளவு சின்னக் காரணத்துக்காகப் பெற்ற பெண்ணைப் பலி கொடுத்தேன். எழுதும்போதே எனக்கு என்மேல் கோபம் வருகிறது, உனக்கு எப்படி வராமல் இருக்கும்.

இந்த வருஷம் பதினொன்றாம் தேதி காலை, அப்பா மரச்சுத்தியை எடுத்துக்கொண்டு மோச்சி முன்னால் உட்கார்ந்தார். நான் அவர் கையைப் பிடித்தேன். இன்றைக்கு நான் உடைக்கிறேன் என்றேன். "உன் மணிக்கட்டு" என்று ஆரம்பித்தார். மணிக்கட்டு நன்றாகத்தான் இருக்கிறது, உட்காருங்கள் என்று சொல்லி, உனக்கு இப்போது எழுதினதை எல்லாம் அவரிடம் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன், அவர் மோச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும், "தெரியும்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. எப்போதிலிருந்து என்றேன். "அந்த மார்ச்லேர்ந்து. உடைஞ்ச உளிக்குப் புதுசாக் கைப்பிடி போடலாம்னு பழசைக் கழட்டினேன். கழுத்துப் பூணுக்கும் மரத்துக்கும் நடுவுல காஞ்ச மோச்சி இருந்துச்சு. தலையிலயும் பாரு, இரும்புச் சுத்தி பட்டா காசு மாதிரி வட்டமாப் பதியும், இது அகலமா நசுங்கியிருந்துச்சு. அன்னைக்கே பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும், கோவத்துல கண்ணு தெரியலே" என்றார். மார்ச்! நீ ஏப்ரலில்தான் போனாய். குற்றம் செய்தவள் நான், ஆனால் நான்தான் கத்தினேன். தெரிந்துமா அவளைப் போகவிட்டீர்கள் என்று கத்தினேன். "நீ சொல்லுவேன்னு ஒரு வாரம் பாத்தேன். அப்புறம் நான் அவளைச் சொன்ன வார்த்தை ஞாபகம் வந்துச்சு. பொய் சொல்ற கைன்னு சொன்னேனே. அதை எப்படித் திருப்பி வாங்குறதுன்னு தெரியலே. இன்னைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன், அவ டிக்கெட்டை எடுத்துக்கிட்டு வந்து நிக்கிறா" என்றார். ஒரே கூரையின்கீழ் பதினோரு வருஷம் ஆளுக்கொரு பக்கம் ஒரே பொய்யை வைத்துக் காத்திருக்கிறோம். அப்படியானால் வருஷா வருஷம் மோச்சியை நீங்களே உடைத்தது என்று கேட்டேன். "உன் கையில அந்தச் சுத்தியைப் பாக்க முடியலேடி" என்றார். கொஞ்சம் பொறுத்து, "மறுபடி எந்த உளியை எடுப்பியோன்னும் ஒரு பயம்" என்றார். அழுகிறவளைச் சிரிக்க வைக்கிறாராம்.

எழுந்து போய்ப் பட்டறை அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு துணிச் சுருளை எடுத்து வந்தார். அந்தத் தள்ளு உளிதான். உடைந்த வாயைச் சாணையில் முழுக்கத் தேய்த்துத் தள்ளிப் புது வாய் வைத்திருக்கிறார், ஒரு விரற்கடை நீளம் குறைந்திருக்கிறது. கைப்பிடி புதிது, வெண்கருவாலி மரம். அவர் பிடித்துக் காட்டினார், அவர் கைக்குள் அது காணாமல் போனது. இது யார் கை அளவு என்று கேட்டேன். "அகுட்சுவோட தங்கச்சி பையனுக்கு" என்றார் முகம் மாறாமல். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அங்க தினமும் மழையாமே. காமீலியா எண்ணெய் ஒரு பாட்டில் பத்தாது, ரெண்டா வைச்சு அனுப்பு அந்தப் பையனுக்கு" என்றார். அந்த மூன்று சாயங்காலமும் அவர் சொல்லிக்கொண்டிருந்தது உனக்குத்தான் என்று அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. கைப்பிடியை அந்த மார்ச் மாதமே உன் பழைய உளியை வைத்து அளந்து செய்தாராம். கொடுக்க வாய் வராமல் மேல்தட்டில் வைத்தாராம்.

ஒன்பது உளியையும் அப்பாவே கடைக்குப் போய் வாங்கி, அன்றாட உளி மூன்றுக்கும் துளை உளி இரண்டுக்கும் தலை வளையம் தானே இறக்கி, எண்ணெய்த் துணியில் சுற்றி நேற்றுத் தபாலில் அனுப்பிவிட்டார். எண்ணெய் இரண்டு பாட்டில் இருக்கிறது, உனக்குப் பிடித்த ஊறுகாய் முள்ளங்கியும் ஓரத்தில் செருகியிருக்கிறேன். பெட்டியில் பத்து இடம் இருக்கும், ஒன்று காலியாக இருக்கும், தபாலில் தொலைந்ததோ என்று நினைக்காதே. தள்ளு உளியையும் வைக்கலாமே என்றேன். "அதைத் தபால்ல போட முடியாது. கையிலதான் குடுக்கணும்" என்றார். இன்று காலை பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கப் போய்விட்டு வந்தார், டோக்கியோவுக்குப் போகவே சலித்துக்கொள்கிற மனுஷர். போட்டோவில் திருடனைப்போல இருக்கிறார். உளியைக் கையில் வைத்துக்கொண்டு விமானத்தில் உட்கார விடமாட்டார்கள், பெட்டியில்தான் போட வேண்டும் என்று பயண ஏற்பாட்டுக்காரப் பெண் சொன்னதற்கு அவளோடு அரை மணி வாதாடியிருக்கிறார்.

நாங்கள் வரலாமா என்று நீ ஒரு வரி எழுத வேண்டும். யோசித்து எழுது, அவசரமில்லை. என்னைப் பார்க்க இஷ்டமில்லை என்றால் அப்பாவை மட்டும் வரச் சொல், நான் இங்கே இருந்துகொள்கிறேன், அது எனக்கு நியாயம்தான். அவர் அங்கே வந்தாலும் பேசத் தெரியாமல் உளியை நீட்டிக்கொண்டு நிற்பார். நீதான் முதலில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். சூடாகச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. வேலை முடிந்ததும் உளியை மரத்தூளோடு மூடி வைக்காமல் துடைத்து எண்ணெய் போடு, அங்கே மழை. நீ நீண்ட காலம் நல்லபடியாக இருக்க வேண்டும், உன் கை எந்த மரத்தைத் தொட்டாலும் அது சரியாகப் பொருந்த வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தைத் தொடங்குவதற்கு முன்னால் பட்டறைக்குப் போனேன். நீ முட்டி போட்ட அதே இடத்தில் முட்டி போட்டு, இரண்டு கையையும் ஊன்றி, நெற்றி தரையில் படக் குனிந்தேன். அன்று உன்னைக் கேட்கச் சொன்ன மன்னிப்பு என்னுடையது.

உளியை அடித்த உன் அம்மா,
கினுவே